நைனா கையெழுத்து போடற நிலைமைல இருக்கறப்பவே அம்மா பேரை சரி பண்ணிடுங்க

வந்த கடிதம்:

"சார் வணக்கம். நாங்க குடியாத்தம் பக்கம். எங்க நைனா 1968-ல ஆர்மில சேந்து 1985-ல ஹவில்தாரா பென்ஷன் வந்தாரு. டிஸ்சார்ஜ் புக்குலயும் பென்ஷன் ஆர்டர் பி.பி.ஓ-லயும் அம்மா பேரு லட்சுமின்னு இருக்கு, பிறந்த வருஷம் 1959. ஆனா ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், வோட்டர் ஐடி எல்லாத்துலயும் விஜயலட்சுமி, 1954. கல்யாணம் ஆனது 1974-ல. நெட் சென்டர்ல ஸ்பர்ஷ் பென்ஷன் வெப்சைட்ல திருத்தம் போட்டோம், ரெண்டு தடவையும் ரிஜெக்ட் ஆயிடுச்சி. பேசாம ஆதார்ல லட்சுமின்னு மாத்திடுங்கன்னு அந்தப் பையன் சொல்றான். நைனாவுக்கு போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை சரியா வரல. ஜாதகப்படி நைனா 1946, ஆர்மில 1949-ன்னு இருக்கு, அதையும் மாத்தினா 80 வயசு எக்ஸ்ட்ரா பென்ஷன் சீக்கிரம் வருமா? 71 சண்டைல கால்ல சில்லு பட்டது புக்குல எங்கயும் இல்ல. அட்ரஸ்ல வேற இன்னும் நார்த் ஆற்காடுன்னே கீது. எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல சார்."

தம்பி, வணக்கம். அஞ்சு கேள்வி கேட்டிருக்கீங்க, ஆனா அவசரம் ஒண்ணுதான், அம்மா பேரும் அம்மா பிறந்த தேதியும். மத்தது எல்லாம் அப்பால பாத்துக்கலாம், ரெண்டு விஷயத்தை தொடவே வேணாம். அதை கடைசில சொல்றேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். 24 வருஷம் ஆர்மில கிளர்க்கா இருந்தவன், அதுல பாதிக்கு மேல ஜவான்களோட சர்வீஸ் விவரத்தை வச்சிருக்கற ஒரு ரெக்கார்ட் ஆபீஸ்ல பேமிலி செக்ஷன்ல டைப்ரைட்டர் தட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப வேலூர்ல வீட்டு திண்ணைல உக்காந்து இந்த மாதிரி பேப்பர் பாத்து குடுக்கறேன். அதனால தப்பு எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா தப்பு பண்ணவங்கள்ல நானும் ஒருத்தன். ஒரு தடவ யூனிட்ல இருந்து ஒரு பையனோட கல்யாண விவரம் வந்துச்சு, சம்சாரம் பேரு செல்வி ராணின்னு ரெண்டு வார்த்தையா எழுதியிருந்தான். நான் தமிழன் இல்லையா, செல்விங்கறது கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு முன்னாடி போடறதுதானே, இவதான் கல்யாணம் ஆயிட்டாளேன்னு புத்திசாலித்தனமா அதை வெட்டிட்டு ராணின்னு மட்டும் அடிச்சேன். வடக்கத்தி கிளர்க் யாராவது அடிச்சிருந்தா அப்படியே பாத்து அடிச்சிருப்பான், தப்பே வந்திருக்காது. நான் ரிட்டயர்டு ஆகி ஊருக்கு வந்து சில வருஷம் கழிச்சு ஒரு அம்மா பேப்பர எல்லாம் ஒரு மஞ்சப்பைல போட்டுக்கிட்டு வந்து நின்னாங்க, வீட்டுக்காரர் செத்து பத்து மாசம், பேமிலி பென்ஷன் வரல, ஆதார்ல செல்விராணி, பி.பி.ஓ-ல ராணி. கல்யாண விவரத்தை பதிவு பண்ற பார்ட் டூ ஆர்டர் காப்பி வாங்கி தேதியைப் பாத்தேன். நான் அந்த டேபிள்ல இருந்த வருஷம். அந்த அம்மாகிட்ட நான் சொல்லல. வேலையை மட்டும் முடிச்சு குடுத்தேன், முடிய கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆச்சு.

இப்ப உங்க விஷயம். ஸ்பர்ஷ்ல ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னா, ஸ்பர்ஷ்ங்கறது கடைசி வாய்க்கா. ஏரி கலங்கலா இருக்கறப்ப வாய்க்கால்ல இறங்கி தண்ணிய வடிகட்டி இன்னா பிரயோஜனம். விவரம் எப்படி ஓடுதுன்னு ஒரு தடவ மனசுல வாங்கிக்கங்க, அப்புறம் யாரு இன்னா சொன்னாலும் குழம்ப மாட்டீங்க. கல்யாணம் ஆனதும் உங்க நைனா யூனிட்ல சொல்லியிருப்பாரு, யூனிட் கிளர்க் அதை பார்ட் டூ ஆர்டர்ல போட்டிருப்பான், அந்த ஆர்டர் ரெக்கார்ட் ஆபீஸ்க்கு போய் ஷீட் ரோல்ல ஏறும், ஷீட் ரோல்தான் ஒரு ஜவானோட மொத்த ஜாதகம். பென்ஷன் வர்றப்ப அதைப் பாத்துதான் டிஸ்சார்ஜ் புக்கு எழுதுவாங்க, அதைப் பாத்துதான் அலகாபாத் பி.சி.டி.ஏ பென்ஷன் ஆபீஸ்ல பி.பி.ஓ போடுவாங்க (ஊரு பேரு இப்ப பிரயாக்ராஜ், நமக்கு வாய்ல வர்றது அலகாபாத்துதான்), பி.பி.ஓ-வ வச்சுதான் இத்தனை வருஷம் பேங்க்கும் டி.பி.டி.ஓ-ங்கற டிஃபென்ஸ் பென்ஷன் பட்டுவாடா ஆபீஸும் காசு போட்டாங்க, கடைசில அந்த விவரத்தைத் தூக்கி ஸ்பர்ஷ்ல கொட்டினாங்க. கொட்டினப்ப புதுசா சேந்த தப்பும் உண்டு, அது தனிக்கதை. உங்க அம்மா பேரு மேலயே லட்சுமின்னு இருந்தா நீங்க கீழ எத்தனை தடவ விஜயலட்சுமின்னு திருத்தினாலும் அவன் மேல இருக்கறதை பாத்து தள்ளிவிடுவான். அவன் செய்யறது சரிதான், இல்லைன்னா நாளைக்கு யாரு வேணா யாரு பேரையோ சம்சாரம்னு ஏத்திடுவான்.

அதனால முதல் வேலை, ரெக்கார்ட் ஆபீஸ்ல இன்னா எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கறது. டிஸ்சார்ஜ் புக்குல லட்சுமின்னு இருந்தா ஷீட் ரோல்லயும் அப்படித்தான் இருக்கும்னு முக்கால்வாசி சொல்லலாம், ஆனா முக்கால்வாசிதான். ஷீட் ரோல்ல சரியா இருந்து புக்கு எழுதினவன் சுருக்கி எழுதினதும் நான் பாத்திருக்கேன், அப்படி இருந்தா உங்க வேலை பாதி குறைஞ்சிடும். ரெக்கார்ட் ஆபீஸ்க்கு ஒரு லெட்டர் எழுதி, பேமிலி விவரம் ஏத்தின பார்ட் டூ ஆர்டரோட அட்டெஸ்ட் பண்ண காப்பியும் ஷீட் ரோல்ல சம்சாரம் பேரு, பிறந்த தேதி இருக்கற பக்கமும் வேணும்னு கேளுங்க. பதில் வரலைன்னா ஆர்.டி.ஐ போடுங்க, 10 ரூபா போஸ்டல் ஆர்டர், 30 நாள்ல பதில் குடுக்கணும், நைனா பேர்லயே போடுங்க, நீங்க போட்டா மூணாம் மனுஷன் விவரம்னு திருப்பி அனுப்பிடுவாங்க.

எந்த ரெக்கார்ட் ஆபீஸ்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் படிக்கற மத்தவங்களுக்காக சொல்றேன், ஏன்னா நம்ம ஜில்லால இது ஒரு பெரிய குழப்பம். டெல்லில ஒரே ஆபீஸ் இருக்கு, அங்க எழுதினா போதும்னு நிறைய பேரு நினைக்கறாங்க. அப்படி இல்ல. எந்த ரெஜிமென்ட்டோ அதோட ரெக்கார்ட்ஸ்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸ்னா பெங்களூரு, ஆர்ட்டிலரின்னா நாசிக் ரோடு, சிக்னல்ஸ்னா ஜபல்பூர், இ.எம்.இ-யும் ஆர்டனன்ஸும் செகந்திராபாத், மெடிக்கல் கோர்னா லக்னோ, பென்ஷன் வந்தப்புறம் டி.எஸ்.சி-ல (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) ரெண்டாவது சர்வீஸ் பண்ணவங்களுக்கு கண்ணனூர். ரெண்டு சர்வீஸ் பண்ணவங்க ரெண்டு இடத்துலயும் பேரு சரியா இருக்கான்னு பாக்கணும். பெங்களூரு ஆளுங்களுக்கு யோகம், காட்பாடில காலைல ரயில் ஏறினா நேர்ல போய் கேட்டுட்டு ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துடலாம். ஜபல்பூர்காரங்க லெட்டர்தான் எழுதணும்.

லெட்டர் எழுதறப்ப மேல முதல் வரில ஆர்மி நம்பர், ரேங்க், பேரு. நம்பர் கடைசில ஒரு எழுத்து இருக்கும் பாருங்க, அதை விட்றாதீங்க. அது சும்மா ஒட்டின எழுத்து கிடையாது, நம்பர் சரியான்னு சரிபாக்கற எழுத்து. ஒரு எண்ணு மாறிப்போனா உங்க லெட்டர் வேற யாரோட பைல்லயோ போய் தூங்கும்.

அப்புறம் ஆதார். அந்த நெட் சென்டர் தம்பி சொன்னதைக் கேக்காதீங்க. ஆதார்ல பேரை ஆயுசுக்கு ரெண்டு தடவதான் மாத்தலாம், பிறந்த தேதிய ஒரே தடவ. இப்ப அம்மா ஆதார்ல லட்சுமின்னு மாத்திட்டா பேங்க், ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, வீட்டுப் பத்திரம் எதாவது அம்மா பேர்ல இருந்தா அது, எல்லாம் ஒவ்வொண்ணா முட்டும். ஒரு ஓட்டைய அடைக்கறதுக்கு நாலு ஓட்டை. அதோட பிறந்த வருஷத்தையும் 1959-க்கு மாத்தணும்னா எந்த ஆதாரத்தை காட்டுவீங்க, பொய்யான வருஷத்துக்கு? எப்பவும் இப்படித்தான்னு சொல்ல மாட்டேன். எழுத்துல ஒரே ஒரு எச் கூட குறைய இருந்து, அந்த அம்மாவுக்கு ஆதார் தவிர வேற பேப்பரே இல்லைன்னா ஆதார மாத்திடுங்கன்னு நானே சொல்லியிருக்கேன். எந்தப் பக்கம் பேப்பர் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் நிக்கணும், அவ்வளவுதான் கணக்கு. உங்க வீட்டுல நாலு பேப்பர் விஜயலட்சுமி பக்கம்.

பிறந்த தேதி எதுக்கு முக்கியம்னா, எல்லாரும் பேரை மட்டும் சரி பண்ணிட்டு இதை விட்டுடறாங்க. பேமிலி பென்ஷன் வாங்கறவங்களுக்கும் 80 முடிஞ்சா 20 சதவீதம் கூட வரும், 85-ல 30, 90-ல 40, 95-ல 50, 100 தாண்டினா பென்ஷனுக்கு சமமா இன்னொரு பங்கு. உங்க அம்மாவுக்கு நெஜமா 80 ஆகறது 2034-ல. புக்குல 1959-ன்னு இருந்தா 2039 வரைக்கும் காத்திருக்கணும். அஞ்சு வருஷம் அந்த 20 சதவீதம் போச்சு, அதுக்கு அடுத்த ஒவ்வொரு படியும் அஞ்சு வருஷம் தள்ளிப் போகும். இதுல ஒண்ணு கவனிங்க, 1974-ல கல்யாணம், 1959-ல பிறந்தாங்கன்னா அப்ப அம்மாவுக்கு 15 வயசு. அன்னைக்கு இருந்த சட்டத்துல அது தப்பு கூட கிடையாது, 18-ன்னு ஆனது 1978-லதான், அதனால டைப் அடிச்சவனுக்கு சந்தேகமே வந்திருக்காது. 4-ம் 9-ம் கைல எழுதினா ஒண்ணு போல இருக்கும், நைனா எழுதிக் குடுத்த 4-க்கு மேல் பக்கம் மூடிக்கிட்டு இருந்திருக்கும், அது 9 ஆயிடுச்சு. என் கணிப்பு இதுதான். அம்மா அஞ்சாவது வரைக்காவது படிச்சிருந்தா ஸ்கூல்ல போய் டி.சி காப்பி, இல்லைன்னா அட்மிஷன் ரிஜிஸ்டர்ல இருந்து எழுதி வாங்கிடுங்க. பழைய ஸ்கூல் பேப்பருக்கு இருக்கற மரியாதை ஆதாருக்கு கிடையாது, அதுலயும் உங்க அம்மா ஆதார்ல ஜனவரி 1-ன்னு இருந்தா வருஷத்தை வாயால சொல்லி எழுதினதுன்னு பாக்கறவனுக்கு உடனே தெரிஞ்சிடும்.

இப்ப பேப்பர் வேலை. நைனா ஒரு அஃபிடவிட் குடுக்கணும், அம்மா ஒண்ணு குடுக்கணும். அதுல லட்சுமியும் விஜயலட்சுமியும் ஒரே ஆளு, 1974-ல இந்த தேதில கல்யாணம் பண்ணவங்க, எனக்கு வேற சம்சாரம் கிடையாது, சரியான பேரு இது, சரியான பிறந்த தேதி இதுன்னு தெளிவா வரணும். வேற சம்சாரம் கிடையாதுங்கற வரிய வக்கீல்ங்க விட்டுடுவாங்க, அதுதான் ரெக்கார்ட் ஆபீஸ்ல முதல்ல தேடற வரி, ஏன்னா பேரு மாத்தறேன்னு சொல்லி ஆளையே மாத்தின கேஸ் அங்க நிறைய பாத்திருப்பாங்க. நோட்டரி கையெழுத்து சில இடத்துல போதும், சில இடத்துல ஃபர்ஸ்ட் கிளாஸ் மாஜிஸ்திரேட் முன்னாடி போட்டதுதான் வேணும்னு திருப்பி அனுப்புவாங்க. ஒரே அலைச்சலா போகட்டும்னு மாஜிஸ்திரேட் முன்னாடியே போட்டுடுங்க. அதோட ரெண்டு பேப்பர்ல விளம்பரம், ஒண்ணு இங்கிலீஷ் ஒண்ணு தமிழ், விளம்பரத்துல இருக்கற எழுத்தும் அஃபிடவிட்ல இருக்கற எழுத்தும் ஒரு புள்ளி மாறாம இருக்கணும், முழுப் பக்கத்தையும் எடுத்து வைங்க, கத்தரிச்சு ஒட்டாதீங்க, தேதி தெரியாம போயிடும். இதோட டிஸ்சார்ஜ் புக்கு எல்லா பக்கமும் காப்பி, பி.பி.ஓ காப்பி, அதுக்கப்புறம் திருத்தம் பண்ணி வந்த கார் பி.பி.ஓ (காரிஜெண்டம்) எத்தனையோ அத்தனையும், ஆதார், பான், பாஸ்புக்கு முதல் பக்கம், ரெண்டு பேரும் சேந்து உக்காந்த ஜாயின்ட் போட்டோ.

இங்கிலீஷ் ஸ்பெல்லிங் ஒண்ணை இன்னைக்கே முடிவு பண்ணிடுங்க. விஜயலட்சுமின்னு தமிழ்ல ஒண்ணுதான், இங்கிலீஷ்ல எழுதறப்ப கே எஸ் எச்சா, எக்ஸா, நடுவுல இடைவெளி உண்டா, இனிஷியல் முன்னாடியா பின்னாடியான்னு பத்து விதம் வரும். ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே எல்லாத்துலயும். இந்த இனிஷியல் இருக்கே, அது நம்ம ஆளுங்களுக்கு பெரிய தலைவலி. ரெக்ரூட்டிங்ல சர்நேம் இன்னான்னு கேப்பான், நம்ம பையன் முழிப்பான், அப்பா பேரை சொல்லுவான், இல்ல ஊரு பேரை சொல்லுவான். ஒரே மனுஷன் டிஸ்சார்ஜ் புக்குல எம். கோவிந்தன், பி.பி.ஓ-ல கோவிந்தன் எம், ஸ்பர்ஷ்ல கோவிந்தன் முனுசாமி, ரேஷன் கார்டுல சும்மா கோவிந்தன். லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு, பாத்திருக்கீங்களா, வேலூர்ல இருந்து 1914 பெரிய சண்டைக்கு 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிர விட்டாங்கன்னு. கல்லுல எண்ணிக்கைய வெட்டிட்டுப் போயிட்டான், அவனுக்கு ஸ்பெல்லிங் பிரச்சனை இல்ல.

கட்டு தயாரானதும் நேரா ரெக்கார்ட் ஆபீஸ்க்கு போஸ்ட் பண்ணாதீங்க. வேலூர்ல மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கில்ல, அங்க உதவி இயக்குநர் கவரிங் லெட்டரோட போகட்டும். நேரா அனுப்பினாலும் வாங்குவாங்க, ஆனா அவங்க சீலோட போனா ஆளு உயிரோட இருக்காரு, குடும்பம் நெஜம்னு ஒரு அரசாங்க ஆபீஸ் சொன்ன மாதிரி ஆகுது, அந்த வெயிட்டே வேற. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆளுங்க உங்க ஜில்லா ஆபீஸ் எதுன்னு கேட்டுட்டு போங்க, பழைய பழக்கத்துல எல்லாரும் வேலூருக்கே வந்துடறாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி மொத்த கட்டையும் ஸ்கேன் பண்ணி வைங்க. ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்க யாருகிட்டயும் குடுக்காதீங்க, புரோக்கர்கிட்ட சத்தியமா குடுக்காதீங்க, ரெக்கார்ட் ஆபீஸ்ல இருந்து எழுத்துல கேட்டா மட்டும் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பலாம். இந்த திருத்தத்துக்கு கவர்மென்ட் ஃபீஸ்னு ஒரு பைசா கிடையாது, முத்திரைத்தாள், விளம்பரம், போஸ்ட் இதுதான் செலவு. பத்தாயிரம் குடு முடிச்சுத் தரேன்னு எவனாவது சொன்னா அவன் இதே கட்டைத்தான் கட்டப் போறான். இன்னொண்ணு, புக்குல நீங்களா பேனா எடுத்து விஜயன்னு முன்னாடி சேத்துடாதீங்க. சிரிக்காதீங்க, வெள்ளை மை வச்சு திருத்தி எடுத்துட்டு வந்தவங்க இருக்காங்க, அதுக்கப்புறம் அந்த புக்க எந்த ஆபீஸும் நம்பாது.

ரெக்கார்ட் ஆபீஸ்ல ஒத்துக்கிட்டா புதுசா ஒரு பார்ட் டூ ஆர்டர் போடுவாங்க, அதோட காப்பிய கேட்டு வாங்கிடுங்க. அதை வச்சு அவங்களே பி.சி.டி.ஏ-க்கு எழுதுவாங்க, அங்க இருந்து கார் பி.பி.ஓ வரும், ஸ்பர்ஷ்லயும் ஏறும். ஏறினதுன்னு நம்பி விட்றாதீங்க, லாக்இன் பண்ணி அம்மா பேரு, பிறந்த தேதி, உறவு மூணையும் பாருங்க, ஒருத்தர் வீட்டுல பேரு சரியாகி உறவு எடத்துல மகள்னு விழுந்திருந்துச்சு. பார்ட் டூ ஆர்டர் வந்தப்புறமும் ஸ்பர்ஷ்ல மாறலைன்னா அப்ப போடுங்க ஸ்பர்ஷ்ல திருத்தம், அந்த ஆர்டரை இணைச்சு. மூணாவது தடவ ரிஜெக்ட் ஆகாது. மூணு மாசத்துக்கு மேல எங்கயாவது சத்தமே இல்லைன்னா சென்ட்ரல் கவர்மென்ட்டோட புகார் வெப்சைட் சி.பி.கிராம்ஸ்ல ஒரு கம்ப்ளைன்ட், முன்ன அனுப்பின லெட்டர் நம்பர் தேதியோட. கோபமா எழுதாதீங்க, பக்கம் பக்கமா எழுதாதீங்க. அந்த செக்ஷன்ல உக்காந்திருக்கறவன் ஒரு நாளைக்கு எத்தனை லெட்டர் பாக்கறான்னு எனக்குத் தெரியும், இன்னா வேணும்னு முதல் நாலு வரில இருக்கற லெட்டர்தான் முதல்ல கைல எடுப்பான்.

நைனா கை விஷயம். இதுதான் எனக்கு நிஜமான கவலை. கையெழுத்து நடுங்கி பழைய மாதிரி வரலைன்னா வலுக்கட்டாயமா போட வைக்காதீங்க, பி.பி.ஓ-ல இருக்கற கையெழுத்தோட ஒத்துப் போகலைன்னு ஒரு புது அப்ஜெக்ஷன் வரும். இடது கை பெருவிரல் ரேகை வைங்க, பக்கத்துல ரெண்டு சாட்சி, மாஜிஸ்திரேட் முன்னாடி வைக்கறப்ப டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு கைல இருக்கட்டும், பக்கவாதத்தால கை வரல, புத்தி தெளிவா இருக்குன்னு. அந்த ரெண்டாவது பாதி முக்கியம். பேங்க்லயும் அதே ரேகைய பதிஞ்சு வச்சிடுங்க. லைஃப் சர்டிபிகேட் முகம் காட்டி போன்லயே முடிக்கலாம் இப்ப, அதுக்காக நைனாவ தூக்கிக்கிட்டு அலையாதீங்க.

ஏன் அவசரம்னா, நைனா இருக்கறப்ப இது பேரு திருத்தம். அவர் வாயால இவதான் என் சம்சாரம்னு சொல்றாரு, முடிஞ்சுது. அவர் போனப்புறம் இதே விஷயம் நீ யாருன்னு அம்மாவ நிரூபிக்கச் சொல்ற விஷயமா ஆயிடும், தாசில்தார்கிட்ட வாரிசு சான்று, ஊர்ல விசாரணை, அதுவரைக்கும் நைனா பென்ஷன் நின்னுடும், அம்மா பென்ஷன் ஆரம்பிக்காது. முடியாதுன்னு இல்ல, அந்த செல்விராணி அம்மாவுக்கு முடிஞ்சுது. ஆனா அந்த ரெண்டு வருஷம் அவங்க மக வீட்டுல சாப்பிட்டாங்க. லேட்டானா நஷ்டம் இன்னொண்ணும் உண்டு, பென்ஷன் தப்பா வருதுன்னு பல வருஷம் கழிச்சு டிரிப்யூனல் போனா பொதுவா மூணு வருஷ அரியர்தான் குடுப்பாங்க, 2008-ல சுப்ரீம் கோர்ட் தர்செம் சிங் கேஸ்ல அப்படி சொன்னது. சென்னைல ஆர்ம்டு ஃபோர்சஸ் டிரிப்யூனல் பெஞ்ச் இருக்கு, உங்களுக்கு அது வரைக்கும் போக வேண்டி வராது.

நைனா வயசு. விட்டுடுங்க தம்பி. சேர்றப்ப குடுத்த பிறந்த தேதி, கையெழுத்து போட்டு குடுத்தது, அதை வச்சு மொத்த சர்வீசும் பண்ணி பென்ஷனும் வாங்கியாச்சு, 40 வருஷம் கழிச்சு ஜாதகத்தை எடுத்துட்டு போனா யாரும் கேக்க மாட்டாங்க. ஆர்மி சீஃபா இருந்த ஜெனரல் வி.கே. சிங்குக்கே ஆர்மியோட ஒரு பிராஞ்ச்ல 1950 மே 10, இன்னொரு பிராஞ்ச்ல 1951 மே 10-ன்னு ரெண்டு தேதி இருந்துச்சு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2012 பிப்ரவரில கேஸ வாபஸ் வாங்கிட்டு அந்த மே மாசமே ரிட்டயர்டு ஆனாரு. சீஃபுக்கே அதுதான், ஹவில்தாருக்கு ஜாதகத்த வச்சு மாத்துவாங்களா. தவிர அந்த காலத்துல வயசு எல்லைக்குள்ள வரணும்னு நம்ம ஊர்ல பாதி பேரு ரெண்டு மூணு வருஷம் குறைச்சுதான் சேந்தாங்க, கம்மவான்பேட்டைக்கு போய் பெரியவங்கள கேட்டுப் பாருங்க, ராணுவப்பேட்டைன்னே பேரு எடுத்த ஊரு அது, சிரிச்சுக்கிட்டே ஒத்துக்குவாங்க. அம்மா பிறந்த தேதி கேக்கற அதே லெட்டர்ல நைனா பிறந்த தேதியையும் கேட்டீங்கன்னா அம்மாவோடதும் சந்தேகத்துல மாட்டும். அதனால அந்த பேச்சையே எடுக்காதீங்க.

நார்த் ஆற்காடு ஒரு தப்பே இல்ல. நைனா சேர்றப்ப ஜில்லா பேரு அதுதான். 1989-ல திருவண்ணாமலை தனியா போச்சு, மிச்சம் வடாற்காடு அம்பேத்கர் ஆச்சு, அப்புறம் வேலூர் ஆச்சு, 2019-ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சுது. ஊரு ஒரே எடத்துலதான் இருக்கு, பேருதான் மாறிக்கிட்டே இருக்கு. ரெக்கார்ட்ல இருக்கற பழைய அட்ரஸ திருத்தச் சொல்ல வேணாம், இப்ப லெட்டர் வர்ற அட்ரஸ் மட்டும் ஸ்பர்ஷ்ல புதுசா குடுத்துடுங்க, பின்கோடு சரியா. லெட்டர்ல வேணா, அப்ப நார்த் ஆற்காடு இப்ப வேலூர்னு ஒரு வரி சேத்துக்கங்க, வடக்க இருக்கற கிளர்க்குக்கு இது ரெண்டும் ஒரே எடம்னு தெரியாது.

71 சில்லு. இது தனி பைல், இதோட கலக்காதீங்க. சண்டைல அடிபட்டா பேட்டில் கேஷுவாலிட்டின்னு பார்ட் டூ ஆர்டர்ல வந்திருக்கணும், ஆஸ்பத்திரி பேப்பர் இருந்திருக்கணும், பென்ஷன் வர்றப்ப மெடிக்கல் போர்டுல எத்தனை சதவீதம்னு எழுதியிருக்கணும். டிஸ்சார்ஜ் புக்குல மெடிக்கல் கேட்டகரின்னு ஒரு எடம் இருக்கும், அங்க இன்னா எழுதியிருக்குன்னு பாருங்க. முதல் வேலை முடிஞ்சப்புறம் மெடிக்கல் பேப்பர் காப்பி கேட்டு தனியா ஒரு ஆர்.டி.ஐ போடுங்க, அந்த பேப்பரை பாக்காம நான் வரும் வராதுன்னு சொன்னா அது ஜோசியம். பென்ஷன்காரங்க பைல இத்தனை வருஷமும் வச்சிருப்பாங்க. பென்ஷன் இல்லாம பாதில வந்தவங்க பைலத்தான் 25 வருஷம் ஆனா அழிச்சிடுவாங்க, அந்த மாதிரி யாராவது இதை படிச்சீங்கன்னா கைல இருக்கற டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்தான் உங்க கடைசி ஆதாரம், லேமினேஷன் பண்ணாம பத்திரமா வைங்க.

திங்கக்கிழமை நைனா டிஸ்சார்ஜ் புக்க எடுத்து பேமிலி விவரம் இருக்கற பக்கத்தை நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, பி.பி.ஓ-ல அம்மா பேரு இருக்கற பக்கமும். பழைய பி.பி.ஓ நிறையத்துல சம்சாரம் பேரே இருக்காது, பின்னாடி கார் பி.பி.ஓ-லதான் ஏறியிருக்கும். உங்களோடதுல லட்சுமிங்கறது முதல் பி.பி.ஓ-லயா, கார் பி.பி.ஓ-லயான்னு தெரிஞ்சா முதல் லெட்டரை எப்படி ஆரம்பிக்கறதுன்னு சொல்லிடுவேன். போட்டோ எடுக்கறப்ப மூலைல இருக்கற நம்பரும் தேதியும் வெட்டுப்படாம விழட்டும்.